ஒரே கட்டியில் இருவர் நகை

அந்தக் கட்டியைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். மஞ்சள் துணிப்பையின் ஒரு காதை மூத்தவரும் இன்னொரு காதை இளையவளும் பிடித்திருந்தார்கள். எங்கள் மாடிப்படி குறுகலானது. ஒருவர் பின் ஒருவராக ஏறும்போதும் இருவரும் பிடியை விடவில்லை.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகைதான் பட்டறை. நகைக்கடைகளிலிருந்து வரும் பழைய நகையையும் அரம் ராவிய தூளையும் ஆசிட்டில் கரைத்துச் சுத்தத் தங்கமாக எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். என் வீட்டுக்காரர் பைக்கில் சின்னசேலம் வரை போய்ச் சரக்கு வாங்கி வருவார். கல்யாணமான புதிதில் புகையைக் கண்டாலே கீழே ஓடிவிடுவேன். அவருக்கு அலைச்சல் கூடக்கூட, ஆசிட் வேலை மெல்ல என் கைக்கு வந்து சேர்ந்தது. என் விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஆசிட் வேலை செய்யும்போது நமக்கு ஒரு வேலையும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த நேரமெல்லாம் கொட்டகைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பேன். அன்றைக்கு என்னோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர் நடந்தார்கள்.

பையைப் பிரித்தால் உள்ளங்கை அளவு கருத்த கட்டி. சாம்பல் அப்பி, ஒரு பக்கம் பச்சை பூத்திருந்தது. கொலுசின் முத்து ஒன்று மட்டும் உருகாமல் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது.

"கூரை வூடுங்க. கரண்டு கம்பி ஒரசி புடிச்சிக்கிச்சி," என்றார் மூத்தவர். "நாங்க மக்காச்சோளத்துல களை எடுத்துக்கினு இருந்தோம். வந்து பாத்தா ஒண்ணுமில்ல. ட்ரங்குப் பெட்டியில வெச்சிருந்தது அத்தினியும் உருகி ஒண்ணாப் பூடுச்சி."

"ரெண்டு பேர் நகையும் அதுல இருந்திச்சிக்கா," என்றாள் இளையவள். "எங்கிட்ட பூட்டு இல்ல. அக்கா பெட்டியிலதான் வெச்சிருந்தேன்."

அவர்களுக்கு ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு ஊர். புருசன்மார் இருவரும் கேரளாவில் கட்டட வேலை. நெருப்புச் சேதி கேட்டு வந்து, தார்ப்பாய் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார்கள். எது யாருடையது என்று பிரிக்க வழியில்லாததால், சுத்தம் செய்து வருவதை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி ஊரில் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆசாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எங்க கண்ணு முன்னாலதான் செய்யணும்," என்றாள் இளையவள். என்னைவிடச் சின்னவள். கண்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. என் கையைப் பார்ப்பாள், தராசைப் பார்ப்பாள், மூத்தவரைப் பார்ப்பாள்.

"தாராளமா இருங்க. புகை வரும்போது மட்டும் தள்ளி நிக்கணும்," என்றேன்.

கட்டியைச் சூடாக்கித் தட்டித் துண்டு துண்டாக நறுக்கி, கண்ணாடிக் குடுவையில் போட்டு நைட்ரிக் ஆசிட் ஊற்றினேன். அது வெள்ளியையும் செம்பையும் பித்தளையையும் தின்னும், தங்கத்தைத் தொடாது. நுரைத்துக்கொண்டு காவிநிறப் புகை எழுந்தது. புகைபோக்கி விசிறி அதை இழுத்து வெளியே தள்ளியது. பக்கத்து வீட்டுக்காரம்மா துணி எடுக்க வந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்துவிட்டு இறங்கினார். அதுவும் தினம் நடப்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஆசிட்டின் நிறம் மாறியது. வெள்ளிக் கொலுசு கரைந்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், நகையில் சேர்த்த செம்பால் லேசாகப் பச்சை தட்டும். இது அப்படி இல்லை. முதலில் பச்சை, பிறகு நீலம் கலந்த பச்சை, பிறகு மயில் கழுத்துபோல் அடர்ந்த நிறம். நுரை அடங்கவே இல்லை. ஆசிட்டை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். அதுவும் அதே நிறத்துக்குப் போனது.

இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது?

"பெட்டியில பித்தளைச் சாமான் ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, குங்குமச் சிமிழு இருந்திச்சி," என்றார் மூத்தவர், நான் கேட்டு முடிப்பதற்குள்.

இளையவள் திரும்பினாள். "இன்னா சிமிழு? அது சாமி மாடத்துல இல்ல இருந்திச்சி? நெருப்பு அணைஞ்சப்பறம் நான்தான எடுத்தேன்?"

"அது வேற. இது பழசு."

"நான் பாத்ததே இல்லியே."

மூத்தவர் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று கல்வராயன் மலைப் பக்கம் பார்த்தார். அங்கே மேகம் கருத்துக்கொண்டிருந்தது.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டறைக்கு வரும் பழைய நகையில், செம்பின்மேல் முலாம் பூசிய கவரிங் கலந்து வருவது புதிதில்லை. ஆனால் கடைக்காரர்கள் கொண்டுவரும் கவரிங்குக்கு முகம் கிடையாது. இங்கே இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று சுவரோரம், இன்னொன்று என் தோளுக்குப் பின்னால். யாருடைய நகை போலி என்று அடித்துச் சொல்ல எனக்கு அத்தாட்சி இல்லை. சொல்வது என் வேலையா என்றும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு குடுவையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மழை மலையை விட்டு இறங்கி வந்தது. முதல் தூறலிலேயே கரண்ட் போயிற்று. விசிறி நின்றதும் கொட்டகைக்குள் புகை சுருண்டது. அடுப்பை அணைத்துவிட்டு இருவரையும் மாடிப்படிக் கூண்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று பேர் நின்றால் தோள் இடிக்கும் இடம் அது. இளையவள் மழையில் தலையை நீட்டி நீட்டிக் குடுவையைப் பார்த்தாள்.

"யாரும் எடுத்துட மாட்டாங்கம்மா," என்றேன்.

"இல்லக்கா, மனசு நிக்க மாட்டேங்குது. எங்கம்மா போட்ட செயினு. கூலி வேல செஞ்சி சேத்து வாங்குனது." பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படியே சொன்னாள். "அக்காளுக்கு ஜிமிக்கி, செயினு, மோதிரம் எல்லாம் இருந்திச்சி. என்னுது கம்மி, அவுங்களுது ஜாஸ்தி. பாதி பாதின்னா எனக்குத்தான் லாபம்னு ஊர்ல பேசுறாங்க. ஆனா ஒத்துக்கினாங்க. அது பெரிய மனசுதான்."

மூத்தவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மழை ஷீட்டின்மேல் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் போன் செய்து, "முடிஞ்சுதா?" என்றார். "இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கரண்ட் வந்ததும் மிச்ச வேலையைத் தொடங்கினேன். பச்சைத் தண்ணீரை ஒரு வாளியில் வடித்து வைத்தேன். குடுவையின் அடியில் கருத்த பொடியும் சிம்புமாகக் கொஞ்சம் தங்கியிருந்தது. அதைக் கழுவி, நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்த ராஜ திராவகத்தை ஊற்றினேன். தங்கத்தையும் கரைக்கக்கூடியது அது ஒன்றுதான். சூடு ஏற ஏறப் பொடி மறைந்து, தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்தது.

"தங்கம் எங்க, அக்கா?" இளையவளின் குரல் உடைந்தது. "ஒண்ணையும் காணோமே!"

"இதோ இந்த மஞ்சள் தண்ணிதான் தங்கம். திரும்ப வந்துரும்."

வடிகட்டிய பிறகு யூரியாவைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். மிஞ்சிய நைட்ரிக்கை அது அடக்கிவிடும். அடக்காவிட்டால் தங்கம் கீழே இறங்காது. யூரியாப் பையைப் பார்த்ததும் மூத்தவர் முதன்முறையாக அருகில் வந்தார்.

"இது சோளத்துக்குப் போடற யூரியா இல்ல?"

"அதேதாங்க."

"அட," என்றார். அன்று அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். உடனே அணைந்துவிட்டது.

அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றியதும் மஞ்சள் கலங்கியது. செம்மண் தண்ணீர்போல ஆகி, மெல்ல மெல்ல அடியில் காபித்தூள் நிறத்தில் வண்டல் படிந்தது. அதுதான் தங்கம் என்றால் புதிதாகப் பார்ப்பவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். இளையவளும் நம்பவில்லை. சேற்றைக் காட்டுகிறேன் என்று நினைத்தாள். வெந்நீரில் அலசிக் காயவைத்து, உருக உதவும் வெங்காரம் தூவி, மூசை என்ற உருக்குக் கிண்ணத்தில் போட்டு ஊதினேன். மண் உருண்டு திரண்டு, நடுவில் ஒரு சூரியக் குஞ்சுபோல் சுழன்றது. தண்ணீரில் போட்டு எடுத்துத் தட்டில் வைத்தேன்.

சுத்தமான தங்கம். ஆனால் சின்னது.

"இத்தினியூண்டா?" என்றாள் இளையவள்.

நான் தராசைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு பேர் நகக்கா! என் செயினும் தோடும் மட்டுமே இத்தினி வருமே! அக்காளுது எங்க? ஊத்தி ஊத்திக் கொட்டுனீங்களே, அந்தத் தண்ணியிலயா வுட்டீங்க? இல்ல, எடுத்து வெச்சிக்கினீங்களா?" குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து மாடியில் கதவு திறந்தது. "நாங்க இன்னா தெரியாதவங்கன்னுதான? தெருவுல நின்னு கத்துவேன். சொல்லுங்க!"

எங்கள் தொழிலில் மிச்சமிருப்பது பெயர் ஒன்றுதான். திருடினாள் என்ற சொல் கடைத்தெருவுக்குப் போய்விட்டால், மறுநாள் ஒரு கடைக்காரரும் சரக்குத் தரமாட்டார். நிரூபிப்பது எனக்குச் சுலபம். வாளித் தண்ணீரில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டால் போதும், செம்பு அதன்மேல் சிவப்பாகப் படிந்துவிடும். இவ்வளவு செம்பு உங்கள் நகையில்தான் இருந்தது என்று காட்டிவிடலாம். அலமாரியில் ஆணி டப்பா இருந்தது. கையை நீட்டினேன்.

நீட்டிய கையோடு மூத்தவரைப் பார்த்தேன். அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் எனக்குக் கை ஓடவில்லை.

"அந்தப் பொண்ண ஏசாத," என்றார் மூத்தவர். "அவுங்க ஒண்ணும் எடுக்கல. இது அத்தினியும் உன்னுதுதான்."

"இன்னாக்கா சொல்ற?"

"என்னுது கவரிங்கு."

இளையவள் புரியாமல் நின்றாள். மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல் சொல்லி முடித்தார். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது, புருசனுக்குத் தெரியாமல் நகையெல்லாவற்றையும் அடகு வைத்திருக்கிறார். மீட்க முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. அதே மாதிரியில் கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். கருத்துப்போகும்போதெல்லாம் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறார்.

"வூடு எரிஞ்சிக்கினு இருக்கறப்ப, அல்லாரும் அழுவுறாங்க. எனக்கு ஒரு நிமிசம் நிம்மதியா இருந்திச்சி," என்றார். "பொய்யும் சேந்து எரிஞ்சிடுச்சின்னு நெனச்சேன். கட்டியா நிக்கும்னு தெரியாது."

நான் நடக்காமல் நின்றிருந்தேன். அன்றைக்கு முதல்முறையாக என் கால்கள் ஓர் இடத்தில் இருந்தன.

அவள் அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. "அப்ப எதுக்குக்கா பாதிக்கு ஒத்துக்கின?" என்றாள் இளையவள். கத்தல் போய், குரல் தட்டையாக இருந்தது. "எங்கம்மா போட்டதுல பாதி வாங்கிக்கினு போயிருப்ப இல்ல? நான் உன்னப் பெரிய மனசுன்னு சொல்லிக்கினு நின்னேனே."

"வாணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. அவுரு கேப்பாரு."

"வாங்கிக்கினு போயிருப்பியா, மாட்டியா?"

"போயிருப்பேன்," என்றார் மூத்தவர்.

இளையவள் தங்கத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் வெள்ளி வரும் வாரம்தான் கிடைக்கும், அதற்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும், "தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மூத்தவர் மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனார். இருவருக்கும் ஒரே பஸ்தான். ஈரத் தெருவில் நாலு ஆள் இடைவெளி விட்டு நடந்து போவதை மேலே நின்று பார்த்தேன்.

வீட்டுக்காரர் வந்து கேட்டபோது, கட்டியில் பித்தளை நிறைய இருந்தது என்று மட்டும் சொன்னேன். அன்றிரவும் அடுத்த சில நாட்களும் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆணி டப்பாவைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு நொடி தாமதித்ததை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளவும் எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் ஒரு நொடி அவர் பேசாமல் இருந்திருந்தால், நிச்சயம் ஆணியை எடுத்திருப்பேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு இளையவள் மட்டும் வந்தாள். வெள்ளியை வாங்கிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தங்கத்தையும் மேசைமேல் வைத்தாள். அதை விற்றுத் தரக் கடை சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

"உங்கம்மா போட்டதாச்சே?"

"கூரை போடணுங்க. தார்ப்பாயி தாங்கல."

"உங்க அக்கா?"

"பேச்சு இல்ல. சோறு அவுங்க தனியா ஆக்கறாங்க, நான் தனியா ஆக்கறேன்." புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "கேரளாவுல இருக்கற அவுங்க வூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல."

"ஏன்?"

அவள் யோசித்தாள்.

"வூடு ஒண்ணுதானங்க. நடுவுல செவுரு வெச்சாலும், மேல ஒரே ஷீட்டுதான போடணும்?" என்றாள். "சீக்கிரம் சொல்லுங்கக்கா, ரெண்டு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் இருட்டிடும்."

தெரிந்த நகைக்கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவளோடு நானும் இறங்கினேன்.