எட்டு நிமிடத்தை ஒரு நிமிடம் என்றவர்

செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அவரைப் போன்ற ஜம்பக்காரரை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிராட்பேண்ட் எங்கள் ஊருக்கு வந்த புதிது. கண்ணாடிக் கதவில் ‘256 வேகம்’ என்று சிவப்பில் ஒட்டியிருந்தார். 256 என்ன என்று கேட்டால் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

கல்லூரி முடித்த என் மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள். விண்ணப்பத் தளத்தை மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் மட்டும் பதினைந்து எம்பி. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்று ஆட்டோவை நிறுத்திவிட்டதால் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்தோம். மணி நாலரையைத் தாண்டிவிட்டது. நான்கு கம்ப்யூட்டரிலும் ஆள்.

“பதினஞ்சு எம்பிதானே? நம்ம லைன்ல ஒரே நிமிஷம். டீ குடிச்சிட்டு, அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கச்சொல்ல வாங்க” என்றார்.

“இல்லண்ணா, கதவுல போட்டிருக்கற 256 கிலோபிட். எட்டால வகுத்தா செகண்டுக்கு முப்பத்திரண்டு கிலோபைட்தான். எட்டு நிமிஷம் ஆகும்” என்றாள் மகள்.

“காலேஜ் கணக்கெல்லாம் கடையில எடுபடாதும்மா.”

நான் பூஜை சாமான் கடைக்காரன், எட்டாவதோடு நின்றவன். ஆனால் எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்று மகள் வீட்டில் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கிரிவலத்தில் எட்டு லிங்கமும் கும்பிட்டு வந்தால்தானே ஒரு சுற்று?

“ஏங்க, மொதல்ல வர்ற இந்திர லிங்கத்துல கற்பூரம் ஏத்திட்டு மலைய சுத்திட்டேன்னு சொல்றா மாதிரி இருக்குதுங்க நீங்க பேசறது” என்றேன்.

“அவ்ளோ அவசரம்னா உங்க அண்ணாமலையாரையே அனுப்பச் சொல்லுங்க!”

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சாமியைக் கிண்டல் செய்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணாமலையார் எத்தனையோ பேரைப் பொறுத்தவர். வகுக்கத் தெரியாத வாய் என் மகளுக்குக் கணக்குச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவரிடம் போனேன். “சார், பொண்ணு வேலை விஷயம். எட்டு நிமிஷம் எடம் குடுங்க.”

“ஒரு நிமிஷ வேலைக்கு அவர ஏங்க எழுப்பறீங்க?” என்று முதலாளி கத்தினார். சீட்டாடியவர் நல்ல மனிதர், எழுந்துவிட்டார்.

மகள் அனுப்ப ஆரம்பித்தபோது ஐந்துக்குப் பத்து. ஒரு நிமிடம் போனது. பச்சைக் கோடு எட்டில் ஒரு பங்கு நகர்ந்திருந்தது. நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விசிறியைப் பார்த்தார். ‘சிவ சிவ’ என்று சொல்லிக்கொண்டே கோட்டைப் பார்த்திருந்தேன். ஒன்பது நிமிடம் பிடித்தது. பெற்றுக்கொண்டோம் என்று திரையில் எழுத்து வந்ததும் மகள் அதைப் பிரிண்ட் எடுத்தாள். ஐந்துக்கு ஒரு நிமிடம். அவர் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் பாதிக் கோட்டிலேயே கதவைச் சாத்தியிருப்பார்கள்.

“போயிடுச்சில்ல? நம்ம லைனு அப்படிங்க!” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

மகள் மரியாதைக்கு, “தேங்க்ஸ்ண்ணா” என்றாள். பிரிண்ட் எடுத்த தாளை மடிக்காமல் இரு கையாலும் பிடித்தபடி அவள் கூட்டத்துக்குள் நடந்தாள். யாரும் இடித்துவிடாமல் நான் முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனேன்.