என் கால் பட்ட பந்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன்.

என் அறைத்தோழி வார விடுமுறை நாட்களில் விழாக்களில் வரவேற்பு, வழிகாட்டல் போன்ற வேலைகளுக்குப் போவாள். அந்த வாரம் அவள் குழுவில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். பதிலுக்கு என்னைக் கூப்பிட்டாள். கோல்ஃப் போட்டியாம், நின்றால் போதுமாம், மதியச் சாப்பாடு நன்றாக இருக்குமாம். கோல்ஃப் என்றால் சினிமாவில் கதாநாயகியின் பணக்கார அப்பா ஆடுவது என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். துணி துவைப்பதைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய போட்டி என்று புரிந்தது. பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். நான்கு நாள் போட்டியில் அன்று கடைசி நாள். ஜெயிக்கிறவருக்குக் கோப்பையோடு வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டியில் ஆடும் வாய்ப்பும் கிடைக்கும் என்றார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை எளிமையானது. பதினேழாவது குழிக்குப் போகும் வழியில், வலது பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். பந்து அதற்குள் விழுந்தால் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் சிறிய சிவப்புக் கொடி ஒன்றை நட வேண்டும். பந்தைத் தொடக் கூடாது, கால் வைக்கும்போது பார்த்து வைக்க வேண்டும் என்று பொறுப்பாளர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

முன்பகலில் ஒருவர் பந்தும் என் பக்கம் வரவில்லை. மரத்தடியில் இருந்த புல்வெட்டும் அண்ணன் ஒருவர் ஆட்டத்தை விளக்கினார். குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் வெற்றியாளர் என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். முன்னணியில் இருந்த இருவரில் ஒருவர் சென்னைக்காரர் என்றும், சின்ன வயதில் மைதானத்தில் அடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்து, அப்படியே ஆட்டம் கற்று வந்தவர் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து, முகம்கூடப் பார்க்காத அந்த மனிதர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை.

மூன்று மணி வாக்கில் அந்தச் சென்னைக்காரர் பதினேழாவது குழிக்கு ஆட வந்தார். அடித்த பந்து வானத்தில் வளைந்து நேராக என் பக்கத்துப் புல்லுக்குள் விழுந்தது. நான் ஓடினேன். ஆட்டக்காரர் வந்து தேடத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம்தான், அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகக் கணக்கு. புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன், கண்ணில் படவே இல்லை. பதற்றத்தில் வேகமாக ஓர் அடி எடுத்து வைத்தேன். ஷூ நுனியில் கடினமாக ஏதோ இடித்தது. புல்லின் வேருக்குள் புதைந்து கிடந்த பந்து, சரிவில் உருண்டு, வெட்டிய புல் ஆரம்பிக்கும் ஓரத்தில் போய் நின்றது.

சுற்றிலும் பார்த்தேன். கூட்டம் தூரத்தில் இருந்தது. யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

என் கை தானாகக் கொடியை அந்தப் புது இடத்தில் நட்டது. சொன்னால் பொறுப்பாளர் திட்டுவார், தோழிக்கு இனி வேலை தரமாட்டார்கள் என்ற பயம். அதோடு இன்னொரு நினைப்பும் ஓடியது. பந்து இப்போது நல்ல இடத்தில்தானே இருக்கிறது, அவருக்கு நல்லதுதானே செய்திருக்கிறேன்.

அவரும், பையைச் சுமந்து வந்த அவருடைய சொந்தத் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். பந்தைப் பார்த்ததும் தம்பியின் முகம் மலர்ந்தது. ஆட்டக்காரர் மட்டும் பந்தையும் மேலே இருந்த புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"இங்கயேதான் கெடந்துச்சாம்மா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மட்டையை எடுத்தார். நின்று, தூரத்தை அளந்து, ஒரு முறை காற்றில் வீசிப் பார்த்தார். அவர் என் பேச்சை அப்படியே நம்பியதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் பிடிவாதமாகப் பொய்யைக் காப்பாற்றியிருப்பேனோ என்னவோ.

"அண்ணே, அடிக்காதிய" என்றேன். "நான் பொய் சொல்லிட்டேன். பந்து அந்தா, அந்தப் புல்லுக்குள்ள கிடந்துச்சு. என் காலு பட்டு உருண்டுட்டு."

தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இப்ப வந்து சொல்றியேம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆட்டக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் வந்தார். அவர் திட்டவில்லை. பந்து எங்கே இருந்தது, புல்லின் மேலா அடியிலா என்று மட்டும் கேட்டார். அடியில், வேரோடு ஒட்டி என்று காட்டினேன். தேடும்போது தெரியாமல் நகர்ந்ததால் யாருக்கும் தண்டனை இல்லை, ஆனால் பந்தை முதலில் கிடந்த இடத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்றார்.

ஆட்டக்காரர் குனிந்து, தன் கையாலேயே அந்தப் பந்தைப் புல்லின் அடியில் வைத்தார். அங்கிருந்து குழியை நோக்கி அடிக்க வழியே இல்லை. பக்கவாட்டில் அடித்து வெளியே கொண்டுவருவதற்கே இரண்டு அடி போனது. பதினெட்டாவதான கடைசிக் குழி முடிந்தபோது அவர் ஒரே ஓர் அடியில் தோற்றிருந்தார்.

கைதட்டல் கேட்டபோது நான் சாப்பாட்டுக் கூடாரத்தின் பின்னால், தண்ணீர் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பொறுப்பாளர் என்னைத் தேடிப் பிடித்து, இனி உங்கள் குழுவே வேண்டாம் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தார். அப்போது ஆட்டக்காரரும் தம்பியும் அங்கே வந்தார்கள். தோற்றுப்போன மனிதர் பரிசளிப்பு முடிந்த கையோடு என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பொறுப்பாளரிடம் இந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள், எனக்காக விட்டுவிடுங்கள் என்றார். பொறுப்பாளர் நகர்ந்து போனார்.

நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். ஆட்டக்காரர் முந்திக்கொண்டார்.

"தேங்க்ஸ்மா. நீ சொல்லாம இருந்திருந்தா கப்பு என் வூட்டுக்கு வந்திருக்கும், எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா நீ எத்தினி வருசம் அத்த மனசுல சுமந்துகினு இருப்ப? நான் அடுத்த வருசம் ஆடிக்குவேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். தோற்ற வலி அவர் கண்ணில் அப்படியே இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. கிளம்பும்போது, என் மேல் கோபமாக இருந்த தம்பி திரும்பிப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு தட்டில் பிரியாணி வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த மாதம், கீறல் விழுந்த பாகங்கள் இருந்த ஒரு தட்டைக் கவனிக்காமல் லைனில் தள்ளிவிட்டேன். பேக்கிங் முடிந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முன்பானால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அன்று நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். மொத்தத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. என்னால் எல்லோருக்கும் பஸ் தவறியது. இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது அதே லைனுக்கு நான்தான் பொறுப்பு. அவ்வப்போது போனில் அந்த ஆட்டக்காரருடைய போட்டி முடிவுகளைத் தேடிப் பார்ப்பேன். இரண்டாவது, ஐந்தாவது என்று வருகிறார், பெரிய கோப்பை எதுவும் இன்னும் கையில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு அன்று போன அந்த ஓர் அடிதான் நினைவுக்கு வரும்.

லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது பயந்துகொண்டே வந்து, "அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று நிற்கும்போது எனக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. ஆனாலும் வேறு எதையும் கேட்பதற்கு முன் அவளுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். என் தவறால் தோற்றுப்போன அந்த மனிதருக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட நன்றியை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.