பொரியோடு போன ரேடியம்

ஊருக்கு வெளியே, கடலைக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் இருந்த எங்கள் கல்லூரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளனாக நான் இருந்தேன். அந்தப் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பௌதிகப் பேராசிரியர் மறைக்கவில்லை.

"தம்பி, நீதான் மேடையில வெளுத்து வாங்குவியே. வாரவங்களுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லு. மத்தபடி இதுல ஒரு வேலையும் கிடையாது" என்றார்.

நான் அவருடைய துறையில் ஆய்வகச் செய்முறை சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவனாக இருந்த காலத்தில் மதுரை வரை சென்று பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அள்ளி வந்தவன். எதிரணியின் வாதத்தை அவர்கள் எடுத்து வைக்கும் முன்பே உடைத்துவிடுவேன் என்று பெயர் வாங்கியவன். ஆகவே ஒரு வேலையும் இல்லாத பதவி என்று அவர் சொன்னது எனக்கு இழுக்காகவே பட்டது. பொருளோடு வந்த விதிமுறைப் புத்தகத்தை வரி விடாமல் படித்து வைத்தேன்.

பொருள் என்பது ரேடியம். வடக்கே ஏதோ ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து, கடலை விதைகளைக் கதிரில் காட்டி விளைச்சலைக் கூட்டும் ஆராய்ச்சிக்காக அது எங்களுக்கு வந்திருந்தது. சிறு விரலின் பாதி நீளம்கூட இல்லாத, இருபுறமும் மூடிய பளபளப்பான உலோகக் குழல். அதற்குள்தான் ரேடியம் இருந்தது. அதை வைக்கத் தடித்த ஈயக் குடுவை ஒன்று. விரல் படாமல் எடுக்க முழங்கை நீளத்தில் ஓர் இடுக்கி. கதிர் இருக்குமிடத்தில் படபடவென்று ஒலி எழுப்பும் கெய்கர் கருவி ஒன்று. அதோடு, அந்த அறையில் வேலை செய்வோர் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய பிலிம் பேட்ஜுகள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அந்தப் பிலிம் காட்டிக்கொடுக்கும். மாதம் ஒருமுறை அவற்றை அனுப்பினால் கழுவிப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

அந்தப் பேட்ஜுகளைப் பேராசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"சார், அதைச் சட்டையில குத்திக்கிட்டாத்தான் பிரயோசனம்" என்றேன்.

"சர்க்கார் சாமான் தம்பி. தொலைஞ்சா யார் பதில் சொல்றது? அழுக்காகாம அப்படியே திருப்பி அனுப்பணும்."

அப்படியேதான் அனுப்பினார். ஒவ்வொரு மாதமும் எல்லாப் பேட்ஜுகளும் களங்கமில்லாமல் இருந்தன என்று பதில் வந்தது. "பாத்தியா, நம்ம துறை எம்புட்டு சுத்தம்!" என்று அந்தப் பதிலை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். பீரோவின் உடல்நலம் நன்றாக இருக்கிறது என்பதற்குக் கைதட்டல் விழுந்தது. கைதட்டியவர்களில் பௌதிகம் படித்தவர்களும் இருந்தார்கள்.

குடுவையைத் திறந்து மூடும் வேலை எங்கள் அட்டெண்டருடையது. நாற்பதை நெருங்கிய மனிதர். பேகம்பூர் தாண்டி ஓட்டு வீடு ஒன்றில் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் இருந்தார். நெடுநாள் தவம் கிடந்து பிறந்த பெண் என்பதால் அவர் வாயைத் திறந்தால் அவள் பேச்சுதான். இடுக்கியைப் பிடிக்க அவருக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன். அவரும் அதை மீறியதில்லை, ஆயுத பூஜை வரும் வரைக்கும்.

பூஜை புனஸ்காரங்களில் கலந்துகொள்வதில்லை என்பது என் கொள்கை. அன்றைக்கு நான் கல்லூரிப் பக்கம் போகவில்லை. குடுவையின் சாவியைப் பேராசிரியர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அங்கே என்ன நடந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. துறையிலிருந்த ஒவ்வொரு கருவியையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மேசை மேல் வாழையிலையில் அடுக்கியிருக்கிறார்கள். தராசு, காந்தம், கண்ணாடி வில்லைகள் எல்லாம் வந்துவிட்டன. பேராசிரியரின் பார்வை குடுவையில் விழுந்திருக்கிறது. "நம்ம துறைக்கே பெருமை இதுதாம்ப்பா. அதை மூடியே வச்சா எப்படி? எடுத்து நடுவுல வை" என்று சொல்லியிருக்கிறார். இடுக்கிக்கும் அன்று பூஜை அல்லவா? சந்தனம் பூசி, பூச் சுற்றி, அது இலையில் படுத்திருந்தது. ஆகவே அட்டெண்டர் ரேடியத்தைக் கையாலேயே எடுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் குவித்திருந்த தலைவாழையிலையில் வைத்திருக்கிறார். கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். பிறகு பொரியைப் பொட்டலம் கட்டி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அட்டெண்டர் குடுவையை மூடிப் பூட்ட, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார் பேராசிரியர். உள்ளே பார்க்க மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கு மறுநாள், மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் எங்கள் ஆராய்ச்சியைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. மைதானத்தில் பந்தலும் மேடையும் ஒலிபெருக்கியும் தயாராக இருந்தன. அணுவும் உழவும் என்ற தலைப்பில் நான் பேச வேண்டும். பேச்சின் உச்சத்தில் குடுவையைத் திறந்து கெய்கர் கருவியை ஒலிபெருக்கிக்கு முன்னால் படபடக்க வைக்க வேண்டும். காலையில் ஒத்திகை பார்த்தேன். பேராசிரியரிடம் சாவி வாங்கி மூடியைத் திறந்தேன். கருவி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டுப் போட்டதே தவிர, பேசவில்லை. குடுவை வெறுமையாக இருந்தது.

பழனிப் பக்கம் கீரனூரில் இருந்த அக்கா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்த அட்டெண்டர், பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கல்லூரிக்கு வந்திருந்தார். கேட்டதும் விழித்தார்.

"எல்லாத்தையும் திருப்பி எடுத்து வச்சேனே சார்... அதை மட்டும்... இலையில பொரிக்குள்ள கெடந்துச்சு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "அடிப்பொரியைத் துண்டுல முடிஞ்சு நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சம்சாரத்துகிட்ட கொடுத்துட்டு அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். சார், வீட்ல புள்ள இருக்கு சார். கையில கெடச்சதை எல்லாம் வாயில போடுற புள்ள சார்."

பேராசிரியரிடம் ஓடினேன். மேடையின் பின்னால் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, என் ஆயுளில் மறக்க முடியாத ஒரு காரியத்தைச் செய்தார். இடது கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"ரேடியம் டயல். இருட்டுல பளபளன்னு தெரியும். இதைக் குடுவைக்குள்ள போட்டுக்க. கருவி சத்தம் போடும்ல? அது போதும்."

"சார், குழந்தை ஒண்ணு அங்கே..."

"கூட்டம் முடியட்டும் தம்பி. ரெண்டு நாளா இருந்தது, இன்னும் ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிரப்போகுது? ஏப்பா," என்று அட்டெண்டரைப் பார்த்தார், "நீ எங்கயும் போயிராத. வாரவருக்குக் காப்பி கொடுக்க ஆள் இல்லை."

அட்டெண்டர் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அவரைக் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தது. தன் மகளின் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவனை அப்படி நிற்க வைக்கிற அதிகாரத்தின் மேல் எனக்கு வந்த வெறுப்பு, அந்தச் சந்தனம், மாலை, தோரணம் எல்லாவற்றின் மேலும் படர்ந்தது.

விருந்தினர் வந்து அமர்ந்தார். என்னை அழைத்தார்கள். கருவி மேடையில், ஒலிபெருக்கிக்கு அருகில், பட்டுத் துணி விரித்த மேசையில் இருந்தது. மனப்பாடமாக இருந்த முன்னுரை, நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் அதைப் பேசவில்லை.

"பெரியோர்களே, இந்தக் கருவி இப்போது ஒரு குழந்தையின் வீட்டில் தேவைப்படுகிறது. மன்னிக்க வேண்டும்" என்றேன். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

நான் பேசிய பேச்சுகளில் அதுதான் மிகச் சிறியது. கைதட்டல் பெறாததும் அது ஒன்றுதான். பேராசிரியர் பின்னாலிருந்து, "தம்பி! தம்பி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது ஒலிபெருக்கியில் கேட்டது. அட்டெண்டர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். குடுவையையும் இடுக்கியையும் சாக்கில் கட்டிச் சைக்கிள் காரியரில் ஏற்றினோம். அவர் மிதிக்க, நான் பக்கத்தில் இன்னொரு சைக்கிளில் போனேன்.

வீட்டு வாசலில் அவர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"பொரி எங்க?" என்றார் அட்டெண்டர், சைக்கிளை விட்டு இறங்குமுன்பே.

"இதைக் கேக்கவா வேலையப் போட்டுட்டு வந்தீக? அம்புட்டையும் அன்னைக்கே தின்னு தீத்தாச்சு. உங்களுக்குன்னு எடுத்து வைக்கலைன்னு கோவமாக்கும்!" என்று சிரித்தார்.

நான் கருவியை இயக்கினேன். அடுப்படி, அரிசிப் பானை, குப்பை மூலை என்று எங்கும் அது சோம்பலாகச் சொட்டுப் போட்டது. அப்போது பின்வாசலிலிருந்து குழந்தை ஓடி வந்தாள். அவள் நெருங்க நெருங்கக் கருவி தகரக் கூரையில் கோடை மழை விழுவதுபோல் இரைந்தது. அந்தச் சத்தம் பிடித்துப்போய் அவள் கைகொட்டிச் சிரித்தாள். விலகி ஓடுவாள், சத்தம் அடங்கும். கிட்டே வருவாள், சத்தம் பொங்கும். அவளுக்கு அது விளையாட்டு.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அரைஞாண் கயிற்றில், இடுப்பின் வலப்பக்கம், மஞ்சள் நூலால் இறுகச் சுற்றிக் கட்டியிருந்தது அந்தக் குழல். காய்ந்த சந்தனம் அதன் மேல் இன்னும் ஒட்டியிருந்தது. ஊரில் மந்திரித்துக் கட்டும் தாயத்துக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

"அதைக் கழட்டணும்மா" என்றேன்.

அந்த அம்மாள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். "பூசையில வச்ச தாயத்து சார். பொரியோட வந்துச்சு. இவளுக்குன்னு சாமியே அனுப்புன மாதிரி வந்துச்சு. கட்டுனதைக் கழட்டக் கூடாது."

பேசத் தொடங்கினேன். கதிர் என்றேன், கண்ணுக்குத் தெரியாது என்றேன், தோலைச் சுடும் என்றேன். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேரை மடக்கிய நாக்கு அது. அந்த அம்மாள் தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தாயே கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் இடுக்கியை நீட்டினேன். அதிலும் சந்தனம், அதிலும் வாடிய பூ. குழலைக் குடுவைக்குள் போட்டு மூடியதும் கருவி அடங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் கேட்டார்:

"விசம்னு தெரிஞ்சு அதுக்கு எதுக்குய்யா சந்தனம் வச்சீக?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் குழந்தையின் இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்துத் தோல் சிவந்தது, பிறகு கொப்பளித்தது, பிறகு காலணா அளவுக்குப் புண்ணானது. ஆஸ்பத்திரியில் காட்டப் புறப்பட்டபோது பேராசிரியர் அட்டெண்டரைத் தனியாகக் கூப்பிட்டு, வெந்நீர் பட்டது என்று சொல்லச் சொன்னார். நான் உடன் சென்று டாக்டரிடம் ரேடியம் என்றே சொன்னேன். அதற்காக என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டது; மேடையில் மரியாதைக் குறைவாக நடந்ததற்கும் சேர்த்து. அந்த மாதமும் பேட்ஜுகள் பீரோவிலிருந்து களங்கமின்றிப் போய்க் களங்கமின்றித் திரும்பின. அந்தப் பதிலையும் அவர் கூட்டத்தில் வாசித்தார். புண் ஆறுவதற்குப் பங்குனி பிறந்துவிட்டது. ஆறிய இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி நின்றது. தாய் அதற்குப் பிறகு மகளுக்கு அரைஞாண் கயிறு கட்டவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கொள்கையைத் தள்ளி வைத்துவிட்டு நான் போய் நின்றேன். குடுவையின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. போட்டோக்காரர் வந்திருந்தார். தராசுக்கும் காந்தத்துக்கும் பொட்டு வைத்து முடித்த அட்டெண்டரிடம் பேராசிரியர் குடுவையைக் காட்டினார்.

"மூடி வச்சிருக்கே, இப்ப என்ன பயம்? சந்தனத்தைப் பூசு."

"மாட்டேன் சார்" என்றார் அட்டெண்டர்.

அந்தத் துறையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் அதுவரை கேட்டதில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வெளியே போய்விட்டார். பொரிப் பொட்டலத்துக்காகவும் அவர் நிற்கவில்லை.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் சாவி இருந்த பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தாமே சந்தனத்தில் விரலைத் தோய்த்துக் குடுவையின் நெற்றியில் பூசினார், குங்குமம் வைத்தார், மாலையைச் சார்த்தினார். பிறகு பீரோவைத் திறந்து, ஒரு பிலிம் பேட்ஜை எடுத்துத் தம் கோட்டில் குத்திக்கொண்டு, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.