ஆண்டவருக்கு ஒரு நாற்காலி

வல்லம் வடகாலில் பாஞ்சாலியைப் பற்றி யாரைக் கேட்டாலும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள், புருஷனைப் பறிகொடுத்தவள், எதற்கும் தலையாட்டுகிறவள். எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. அவளுக்கும் வாய் இருந்தது. பயத்தில் எட்டு வருஷம் மூடி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். பதினைந்து பேர் வந்தால் அதிகம். பாதிப் பேர் தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். பாஞ்சாலி முதலில் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனாள். பாட்டுக் கேட்டு உட்கார்ந்தவள், பிறகு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். கல்யாணமோ வேலையோ, யாரும் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்கமாட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஆண்டவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலியாகப் போட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடிக் காத்திருப்பார்கள். அப்புறம் கூட்டம் நடத்துகிற ஜீவானந்தம், "கர்த்தர் இப்படிச் சொல்றாரு" என்பார். எல்லோரும் ஆமென் போடுவார்கள்.

நாற்காலிகளை அடுக்குவது பாஞ்சாலியின் வேலை. முதல் மாதமே அந்தக் காலி நாற்காலியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி வெதுவெதுப்பு! வெயில்தான் சூடாக்கியிருக்கும் என்று பார்த்தால், சுவரோரம் ஆள் உட்காராமல் கிடந்த மற்ற நாற்காலிகள் சில்லென்று இருந்தன. அடைமழைக் காலத்திலும் இதே கதைதான். உடம்பெல்லாம் சிலிர்க்கும், ஆனாலும் யாரிடமும் மூச்சு விடமாட்டாள். பைத்தியம் என்று சொல்லிவிட்டால்? போகப்போக அந்தச் சூடுதான் அவளுக்குத் துணை. வந்துவிட்டுப் போயிருக்கிறார், அது போதும் என்றிருந்தாள்.

போன ஐப்பசியில் பிரவீனாவின் விஷயம் வந்தது. தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண். மூன்று வருஷமாகப் பாஞ்சாலி வீட்டில்தான் வாடகைக்கு இருந்தாள், மகள் மாதிரி. எவனோ ஒரு ஏஜென்ட் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்றான். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று கேட்டால், இறங்கியதும் தெரியும் என்றானாம். வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தைய ஞாயிறு அவளுக்காகச் சபை வட்டமாக உட்கார்ந்தது.

அரைமணி நேரம் கழித்து ஜீவானந்தம் கண்ணைத் திறந்தார். "கர்த்தர் வாசலைத் திறந்துட்டாரு. தைரியமா போம்மா." ஆமென்.

பாஞ்சாலி நாற்காலியைத் தூக்கப் போனாள். புருஷனின் நெற்றியைக் கடைசியாகத் தொட்டபோது இருந்த அதே குளிர். இந்தப் பெண்ணைப் பிரிய மனசில்லாமல் தன் கையே தன்னை ஏமாற்றுகிறதோ? முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். குளிர்தான்.

"பிரதர், அவரு இன்னிக்கி வர்லே."

"யாரு சிஸ்டர்?"

"ஆண்டவரு. நாற்காலி சில்லுனு கீது. எப்பவும் சூடா இருக்கும், எட்டு வருசமா தொட்டுப் பாத்துக்கினுதான் கீறேன். வராதவரு எப்டி சொல்லியிருப்பாரு?"

யாரோ ஒருவர் சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்க ஆளில்லாமல் அதுவும் நின்றுபோனது. பிரவீனா எழுந்து வந்து நாற்காலியைத் தொட்டாள்.

"பிரதர், ஒங்களுக்கு நெசமாவே கேட்டுச்சா?"

ஜீவானந்தம் கெட்ட மனிதரில்லை. இத்தனை பேர் தம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரும் என்னதான் செய்வார், பாவம்! முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. இன்னிக்கி மட்டுமில்ல, என்னிக்குமே கேட்டதில்ல. எனக்கு நல்லதுன்னு பட்டதச் சொல்லிடுவேன்."

அவர் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்ட கவியாவும் ராஜசேகரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பிரவீனா அங்கேயே நின்று ஏஜென்டுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பாஞ்சாலிக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே வேறொன்று உறைத்தது. வட்டமாக உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள்.

"அப்போ எட்டு வருசமா வாரா வாரம் வந்து குந்திக்கினு இருந்தாரே... அவரு இன்னா சொன்னாருன்னு யாருமே கேக்கலியா?"