ஒருத்தியும் குறையாத வகுப்பு

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஓர் உயர்நிலைப் பள்ளி. தமிழாசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த யாமினிக்கு அன்று சோதனை நாள். பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவர் மனம் வைத்தால்தான் அவள் ஆசிரியர். வங்கி வேலையை உதறிவிட்டு, வீட்டில் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு வந்தவள்! தேக்கா கடைத்தெருவில் வாங்கிய புதுச்சேலையின் மடிப்பை மறுபடியும் சரிசெய்துகொண்டாள்.

“அந்த ரக்ஷனாவை லைப்ரரிக்கு அனுப்பிடுங்க,” என்றார் வழிகாட்டி ஆசிரியர் ரகுபதி. “சரியான வாயாடி. யாராவது பார்க்க வந்தா நாங்க அப்படித்தான் செய்வோம்.”

“அவ இல்லாம நான் பாடம் எடுக்க மாட்டேன், சார்.”

“அப்புறம் உங்க தலையெழுத்து!”

யாமினி வகுப்புக்குள் நுழைந்தபோது, ரக்ஷனா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். யாரும் சொல்லவில்லை. பின்வரிசையில் புதுமுகத்தைக் கண்டதும் தானாகவே கிளம்பிவிட்டாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது! யாமினி வழியை மறித்து நின்றாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“லைப்ரரி, டீச்சர்.”

“பையை வை. உன் இடத்துல உட்காரு.”

திரையில் படம் விழுந்தது. பலகாரத் தட்டை நீட்டிச் சிரிக்கும் அண்டை வீட்டார். யாமினி வாயைத் திறக்குமுன் ரக்ஷனா திறந்தாள்.

“சும்மா சொல்லாதீங்க லா டீச்சர்! எங்க புளோக்ல யாரு இப்படிச் சிரிக்கிறா? லிஃப்ட்ல பார்த்தா ஃபோனுக்குள்ள தலையை விட்டுக்குவாங்க.”

வகுப்பே வெடித்தது. வாயே திறக்காத ஸ்ரீநாத்கூட, “எங்க பக்கத்து வீட்டு அங்கிள் என் ஷூவையே ஒளிச்சு வச்சாரு!” என்றான். ஆளுக்கொரு கதை. வழக்கமாக ஆங்கிலத்துக்குத் தாவும் பிள்ளைகள், இன்று எல்லாம் தமிழில்! யாமினி தடுக்கவில்லை. போட்டுவைத்த பாடத்திட்டம் காற்றில் பறந்தது.

மணி அடித்ததும் விரிவுரையாளர் முகம் சுளித்தார். “பாதிகூட முடிக்கலையே. தேறினதா எழுத முடியாது. வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன். வேணும்னா வேற வகுப்பு எடுத்துக்கோங்க.”

கண்ணீர் முட்டியது. அதை விழவிடாமல் யாமினி நிமிர்ந்தாள்.

“வேணாம், மேடம். இதே வகுப்பு. இதே பிள்ளைங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் நான் நடத்த மாட்டேன்.”

வெளியே தாழ்வாரத்தில் ரக்ஷனா காத்திருந்தாள். “என்னாலதானே டீச்சர்? வியாழக்கிழமை நான் லைப்ரரிக்குப் போயிடவா?”

“போய்ப் பாரு, தெரியும் சேதி!”

“அப்போ பேசாம இருக்கேன்.”

“பேசு,” என்றாள் யாமினி. “கையைத் தூக்கிட்டுப் பேசு.”