பீச்சாங்கை இட்லி

குமராட்சி கிராமத்துப் புஷ்பவள்ளி முதல் தடவை தோற்றதற்குக் காரணம் அவளுடைய நல்ல மனசுதான். நாற்பது வயதில் நடவு வேலையை விட்டுவிட்டு, தினமும் மினி பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், நோயாளிகளை வீட்டில் பராமரிக்கிற ஆறு மாதப் படிப்பைப் படித்தவள். செய்முறைத் தேர்வில், பக்கவாதம் வந்த ஒருவருக்குப் பருக்கை சிந்தாமல் ஊட்டிவிட்டாள். பெயில்! தன்னால் முடிந்ததை நோயாளியே செய்ய விடவேண்டும் என்பதுதானே பாடம். ஊட்டியதற்குப் பெயில் போடுவார்களா என்று இரண்டு நாள் அழுதாள்.

"குண்டி கழுவி விடுற வேலைக்கு ஒரு படிப்பு, அதுலயும் அரியரு," என்று கணவன் பழனிவேல் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுதேர்விலும் பெயிலானால் திரும்ப நடவுதான்.

மறுதேர்வு கடலூர் முதுநகரில், தட்சிணாமூர்த்தி என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வீட்டில் நடந்தது. பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம். இடக்கை நன்றாகவே இருந்தது, ஆனால் அந்தக் கையால் சாப்பிட மாட்டாராம். மகள் ஊட்டினால் ஒரு இட்லியோடு வாயை மூடிக்கொள்வாராம்.

புஷ்பவள்ளி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இடக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இட்லித் தட்டை நகர்த்தினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்பூன் கொடுத்தாள், தள்ளிவிட்டார்.

"பீச்சாங்கையால தின்றவன் மனுசனாம்மா?" என்றார் குழறலாக.

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. தேர்வாளர் வினோதினி கடிகாரத்தைப் பார்த்தார். ஊட்டினால் பெயில், ஊட்டாவிட்டால் மனிதர் பட்டினி. புஷ்பவள்ளிக்கு வந்ததே ஒரு வேகம்! தன் இடக்கையையும் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து, எல்லோரும் பார்க்க இடக்கையால் தின்றாள்.

"நானுந்தான் தின்றேன் அய்யா. யாரு என்னா சொல்லிடுவாங்க, பாப்போம்."

பழகாத கை, சாம்பார் தாடையில் வழிந்தது. தட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டில் கை வைத்தார். முதல் துண்டு மடியில் விழுந்தது. எடுத்து ஊட்டத் துடித்த கைகளைப் புஷ்பவள்ளி முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். இரண்டாவது துண்டு வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு இட்லிக்கு இருபது நிமிடம் ஆனது.

வினோதினி கையெழுத்துப் போட்டு, பாஸ் என்றார். புஷ்பவள்ளி அப்போதுதான் தாடையில் வழிந்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்த மகள் ஓடிவந்து, பழக்கதோஷத்தில் அடுத்த இட்லியைப் பிட்டு அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். அவர் அந்தக் கையை விலக்கினார்.

"தட்டுல வை. நானே சாப்புட்டுக்கிறேன்."