கதை நல்லாருக்கு, காசு எங்கே?

உங்களில் யாராவது பல் செட் போட்டிருந்தால், அது என் மனைவியின் தங்கை செய்ததாக இருக்கலாம். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்த்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். போட்டுக்கொண்டவர் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய் எலும்பு கடிப்பார். செய்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இப்படி ஒரு வேலை போதாதென்று, அதே லட்சணத்தில் இன்னொன்றையும் தேடிப் பிடித்தாள். அதுதான் இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த இணையக் கதை இதழ். இங்கேயும் வருகிறவர்கள் எழுதியவருக்கு நன்றி சொல்கிறார்கள். பிழை திருத்தியவள், பாதிக் கதையைத் திருப்பி எழுத வைத்தவள், படம் தேடிப் போட்டவள் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரே வித்தியாசம் சம்பளம். அங்கே குறைவு, இங்கே கிடையாது.

கூட இரண்டு பேர் உண்டு, அவர்களும் சம்பளமில்லாத ஆட்கள்தான். ஒருவர் மருந்துக்கடைக்காரர். மாத்திரை அட்டையில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் எழுதுவது குற்றம் என்று நினைப்பவர். இன்னொருவர் கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்ற அம்மாள். காலமெல்லாம் வெளிப்படையான வாக்குமூலங்களை அடித்து அடித்து வெறுத்துப்போனவர். அதனால் கதையில் யாராவது ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டால் அவருக்கு உடம்பு எரியும்.

இந்த மாதத் தொடக்கத்தில் இவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

"சர்வர் வாடகையை ஏத்திட்டாங்க அத்தான். மூணு மடங்கு."

"எதுக்காம்?"

"படிக்கிறவங்க கூடிட்டாங்களாம்."

"கூட்டம் வந்தா கடைக்காரன் சிரிப்பான். நீ என்ன அழுதுகிட்டு நிக்கிற?"

"கடைக்காரன் காசு வாங்குவான்ல."

இத்தனை வருடம் வாடகையைத் தன் சம்பளத்திலிருந்துதான் கட்டியிருக்கிறாள். அவள் கணவர் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். இந்த முறை பேசிவிட்டார். "வீட்டு வாடகையா, சர்வர் வாடகையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, நான் போய்க் கட்டிட்டு வரேன்." அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இதழ் அழியும், இதுவரை வந்த கதைகளும் சேர்ந்து அழியும். எழுதியவர்களில் பாதிப் பேரிடம் வேறு பிரதி இல்லை. எல்லாம் இவளிடம் பத்திரமாக இருக்கிறது என்கிற நம்பிக்கை.

வாசகர்களிடம் கேட்பதென்று முடிவாயிற்று. அவளே எழுதினாள். நான் படித்தேன். மூன்றே வரி. 'இதழ் நடத்தப் பணமில்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் மூடிவிடுவோம். கீழே உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.' ஆயுள் முழுக்கத் தொழிற்சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதியவன் நான். சொல்கிறேன், அதில் கைவைக்க ஒன்றுமில்லை.

ஆனால் இந்த இதழில் ஒரு சட்டம் இருக்கிறது. எது வெளிவந்தாலும் மற்ற இருவரும் பார்த்துத் திருத்தியாக வேண்டும். அந்தச் சட்டத்துக்கு அறிவிப்பு என்றும் கதை என்றும் பேதமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவள் வேலை பார்க்கும் பல் கூடத்தில் கூடினார்கள். மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பாவோடு நானும் போயிருந்தேன். மேசை நிறைய பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காகிதத்தை விரித்தார்கள்.

"முதல் வரியிலயே பணம்னு வந்துருது" என்றார் மருந்துக்கடைக்காரர். "அப்புறம் வாசகன் எதுக்கு மேல படிக்கணும்?"

"பணம் குடுக்கப் படிக்கணும்" என்றேன்.

"சார், நீங்க சாப்பாடு கொண்டாந்தவரு. சாப்பாட்டோட நிறுத்திக்குங்க."

கோர்ட்டு அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மூடிருவோம்னு பட்டுனு போட்டு உடைக்கலாமாம்மா? ஒரு ரூம். ஒரு பொம்பள. கம்ப்யூட்டரை அணைக்கப் போறா, விரல் பட்டன் மேல நிக்குது. அதோட விட்டுரு. மிச்சத்த அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"ஆகா" என்றார் மருந்துக்கடைக்காரர். "அந்த 'விட்டுரு' இருக்கு பாருங்க, அதான் இலக்கியம்."

"வங்கி நம்பர எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"அத்தன நம்பர் வந்தா ஓட்டம் கெட்டுப்போகும். கண்ணை உறுத்தும்."

"எதோட ஓட்டம்? இது கதையா?"

ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவளாவது தடுப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். பென்சிலை எடுத்து வங்கிக் கணக்கை முதலில் அடித்ததே இவள்தான். ஆடிக்கொண்டிருந்த பல் தானாக விழுந்துவிட்ட மாதிரி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காசு கேட்க வாய் வராதவள். கேட்காமலேயே கேட்டதாகப் பேர் பண்ண ஒரு வழி கிடைத்துவிட்டது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று வரி இரண்டு பக்கமாக வளர்ந்தது. அதில் ஜன்னலோரம் ஒரு பூனை வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. காசு என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

வெளியிட்டார்கள். நீங்களும் படித்திருப்பீர்கள்.

பாராட்டு கொட்டியது. இந்த வருடத்தின் சிறந்த கதை என்றார் ஒருவர். அந்தப் பூனை எதன் குறியீடு என்று இரண்டு பேருக்குள் கைகலப்பு நடக்காத குறை. அடுத்த பாகம் எப்போது என்று ஒரு கூட்டம் கேட்டது. ஒருவர் மட்டும் கடுமையாகக் குறை எழுதியிருந்தார்: 'நாயகி நம்பும்படியாக இல்லை. சொந்தச் சம்பளத்தைப் போட்டு இத்தனை வருடம் இதழ் நடத்துகிற முட்டாள் உலகத்தில் எங்கே இருக்கிறாள்?'

அதை அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எனக்கும் அக்காவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நியாயமான கேள்விதாண்டி" என்றாள் என் மனைவி.

"பணம் எவ்வளவு வந்துச்சு?" என்றேன்.

"எங்க அனுப்புறதுன்னுதான் நாம போடலையே."

இதில் இன்னொரு கூத்து. அந்தக் கதையைப் படிக்க என்றுமில்லாத கூட்டம் வந்ததால், வாடகை இன்னும் கொஞ்சம் ஏறும் என்று சர்வர்காரன் கடிதம் போட்டுவிட்டான்.

மாதம் முடியப் போகும் நேரத்தில், இவள் எங்கள் வீட்டில் இருந்தபோது, ஒரு போன் வந்தது. தரைக்கல் வியாபாரி. பெரிய கடை, நாலு கிளை. இந்த இதழுக்குக் கதை அனுப்பி அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தவர். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. இவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நாங்களும் கேட்டோம்.

"மேடம், ஒரு வருச வாடகை என்னோடது. நாளைக்கே கட்டிர்றேன்."

"ரொம்ப நன்றி சார்."

"நன்றியெல்லாம் எதுக்கு? நான் கடைசியா அனுப்பின கதைய மட்டும் முகப்புல போட்டுருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அதுல அந்தப் பொண்ணு ஏன் சாகுறா?"

"கதை முடியணும்ல மேடம்?"

"அவ சாகாம முடிச்சுக் குடுங்களேன். திருப்பிப் படிச்சுப் பாக்குறோம்."

"பாக்குறீங்களா? நான் வருச வாடகை கட்டுறேன்னு சொல்றேன், நீங்க பாக்குறேன்னு சொல்றீங்க!"

"ஆமா சார். பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

போன் வைக்கப்பட்டது. யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

"செத்தா சாகட்டும்னு விட்டுருக்கலாமேடி" என்றாள் என் மனைவி. "காகிதத்துல தானே சாகுறா."

"இதுக்குத்தான்க்கா நான் இத்தன வருசமா யாருகிட்டயும் கேக்கல" என்று இவள் வெடித்தாள். "ஓசியா நடத்துறதாலதான் யாரு கதையையும் வேண்டாம்னு சொல்ல முடியுது. நாளைக்கு நாலு பேருகிட்ட கைநீட்டிட்டா நாலு பேரும் கதையத் தூக்கிட்டு வருவாங்க. அப்ப என்ன மூஞ்சிய வச்சுகிட்டு வேண்டாம்னு சொல்வேன்?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும்.

"நீ நாலு பேர்கிட்ட கேக்காதே, நாலாயிரம் பேர்கிட்ட கேளு" என்றேன். "சங்கத்துல முதலாளி நன்கொடை குடுத்தா வாங்க மாட்டோம். தொழிலாளி கிட்ட மாசாமாசம் சந்தா வாங்குவோம், சில்லறையா. ஏன்? மொத்தமாக் குடுக்கிறவன் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துருவான். சில்லறையாக் குடுக்கிறவனுக்கு உக்கார இடம் இல்ல, அவ்வளவு கூட்டம். அவன் மிரட்டினா நீ சிரிக்கலாம்."

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதைத் திருத்த இடம் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்களே எழுதுங்க அத்தான். யாரும் கைவைக்க மாட்டோம்."

"அந்த மருந்துக்கடைக்காரர்?"

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"பூனை?"

"பூனையும் வராது."

சரி என்று பேனாவைத் தேடினேன். அவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது. கை நீண்டிருந்தது.

"ஒவ்வொரு கதையும் வந்த அன்னைக்கே படிச்சிட்டு, அதுல இது சரியில்ல, இதுல அது சரியில்லன்னு போன் போட்டு என் உயிர வாங்குறீங்க. இதுவரைக்கும் ஒரு பைசா குடுத்ததில்ல. எடுங்க அத்தான்."

என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தெருத்தெருவாக உண்டியல் குலுக்கியவன் நான். என்னிடம் யாரும் குலுக்கியதில்லை. கொடுத்தேன். ரசீது கேட்டேன், அதையும் எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாய் திறந்துகொண்டது. மறுநாள் பல் கூடத்து முதலாளியிடம் கேட்டிருக்கிறாள், பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள், கணவரிடமும் கேட்டாளாம். அவர் சட்டைப்பையைத் துழாவினாராம். அதெல்லாம் சேர்ந்தும் போதவில்லை. மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

எனவே வாசகர்களே, இது கதை அல்ல. இதழ் நடத்தப் பணமில்லை. வராவிட்டால் மூடிவிடுவார்கள், எல்லாக் கதைகளும் போய்விடும். வங்கிக் கணக்கு கீழே இருக்கிறது, கண்ணை உறுத்தும்படி பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களால் முடிந்ததை அனுப்புங்கள், மாதாமாதம் அனுப்புங்கள். அனுப்பினால் உங்கள் கதை வெளிவருமா என்று கேட்காதீர்கள், வராது. நன்றாக இருந்தால் மட்டும் வரும். அனுப்பிய பிறகு, நேரமிருந்தால், இந்தக் கட்டுரை எப்படியிருந்தது என்று எழுதலாம். அனுப்புவதற்கு முன்னால் வேண்டாம்.